நிழல் இல்லாத தெருக்கள்

திருவனந்தபுரத்தில் மியூசியம் தோட்டத்திலோ கவடியார் சாலையிலோ நடப்பவருக்குச் சித்திரை வெயிலிலும் நிழல் கிட்டும். அங்கிருந்து செங்கல்சூளைக்குச் செல்வோம். 1869இல் திறக்கப்பெற்ற தலைமைச் செயலகத்துக்குச் செங்கல் சுட்ட இடம் அது என்பர். ராஜாஜி நகர் என்பது பின்னர் வந்த பெயர். நகரின் நடுவே இருந்தும், வீடுகள் நெருங்கிய அச்சந்துகளில் மரத்துக்கு இடம் அரிது. பூந்துறை, வலியதுறைக் கடலோரக் குடியிருப்புகளிலும் நெருக்கம் அத்தகையதே.

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் கன்று நடுகிறோம். எங்கே நடுகிறோம்? வெற்றிடம் எளிதிற் கிட்டும் பகுதியில். அதாவது, பெரும்பாலும் நிழல் முன்னரே உள்ள பகுதியில். ஆதலின் மண்வெட்டியை எடுக்குமுன் வரைபடம் வரைதல் வேண்டும். அதில் மரங்களை மட்டுமன்று, மரமில்லாத தெருக்களையும் குறித்தல் வேண்டும்.

வரைபடம் தீமையும் செய்ய வல்லது. அமெரிக்காவில் 1930களில், ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழ்ந்த பகுதிகளைப் படத்தில் சிவப்பு வண்ணமிட்டு, வீட்டுக்கடனுக்கு உகந்தவையல்ல என்று ஒதுக்கினர். 2020இல் 108 நகரங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலான நகரங்களில் அப்பகுதிகளே மரம் குறைந்தும் வெப்பம் மிகுந்தும் இருந்தன.

வானிலிருந்து எடுக்கும் படம் பசுமையைக் காட்டும். குழாயடியில் வெயிலில் காத்திருக்கும் தாயைக் காட்டாது. அதைத் தெருவாரிடம் கேட்டே குறிக்க இயலும். வேர் ஊன்ற எந்த முற்றம் உண்டு, நீர் வார்ப்பவர் யார் என்பதையும் அவர்களே அறிவர். கடலோர மணலுக்குப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. இவ்வாறு குறித்த படத்தை மாநகராட்சியின் முன் வைப்போம். முதற்கன்று நிழல் இல்லாத தெருவுக்கே உரியது என்று கேட்போம்.