மலர்ப் பள்ளத்தாக்கிலே
(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆவணி விடுமுறையிலே பல்கலைக்கழக நண்பர் நால்வராய் நாம் பதரிநாத யாத்திரை சென்றோம். புறப்படும் வேளையில் எமது ஆச்சி, "இமயத்திலை ஒரு பூப் பறிச்சுக் கொண்டு வா, மோனை, சாமிப் படத்துக்கு வைப்பம்" என்று கேட்டுக்கொண்டார். அந்த ஒரு பூவைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

பதரிநாதத்துக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கோவிந்தகாட் என்னும் இடத்திலிருந்து ஒரு கிளைவழி மலையேறுகின்றது. புல்னா என்னும் ஊர் வரை சிறு வண்டிகள் செல்லும். அதன்பின் சுமார் 10 கிலோமீற்றர் நடந்து, 3,000 மீற்றர் உயரத்திலுள்ள கங்காரியாவை அடைந்தோம். தங்குமிடம் அங்கேதான். பள்ளத்தாக்கினுள் எவரும் இராத்தங்க அனுமதியில்லை. காலையிற் சென்று மாலைக்குள் மீளல் வேண்டும்.

மறுநாட் காலை, மழைத் தூறலிலே, பத்து அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியவாறு ஏறினோம். மூடுபனி விலகியதும் நாம் கண்டதை எவ்வாறு சொல்வோம்! மேலே பனிச் சிகரங்கள்; நடுவே புஷ்பவதி ஆறு; அதன் கரையெங்கும் மலர்கள். எமது முற்றத்துக் காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்று அங்கே ஆளுயரம் வளர்ந்து இளஞ்சிவப்பாய்ப் பூத்திருந்தது. 500க்கு மேற்பட்ட பூக்குந் தாவர இனங்கள் அங்கே உண்டு. ஆண்டிற் பெரும்பகுதி பனியின்கீழ்க் கிடக்கும் நிலம் அது. முளைத்து, பூத்து, விதை முற்றுதற்கு அச்செடிகளுக்குக் கிடைப்பவை சில மாதங்களே.

1931ஆம் ஆண்டு காமெற் சிகரத்தில் ஏறி மீண்ட பிராங்க் ஸ்மைத் முதலிய ஆங்கிலேயர் இவ்விடத்தைக் கண்டனர். ஸ்மைத் 1937இல் மீண்டும் வந்து தங்கி, அடுத்த ஆண்டிலே நூலொன்று வெளியிட்டதனால் உலகம் இதனை அறிந்தது. ஆயின் அங்குள்ள இடையர்கள் அதற்கு முன்னரே தம் ஆடுகளோடு அங்கே சென்று வந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

1939இல் மலர் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார், மலைச்சரிவிலே தவறி வீழ்ந்து உயிர் நீத்தார். அவருடைய கல்லறை அங்கேயே உளது. அதில் 121ஆம் சங்கீதத்தின் முதலடி பொறிக்கப்பட்டிருக்கின்றது. மிஷன் கல்லூரிக் காலைப் பிரார்த்தனைகளிலே பொருளுணராது நாம் கேட்டு நின்ற அவ்வடியின் பொருள், சுற்றிலும் மலைகள் நிற்க, அன்றுதான் விளங்கிற்று.

மூன்றாம் நாள், 4,300 மீற்றர் உயரத்திலுள்ள ஹேமகுண்டம் என்னும் ஏரிக்குச் சென்றோம். சீக்கியரின் குருத்துவாராவும் இலக்குமணர் கோயிலும் அதன் கரையில் உள. அவ்வழியிலே, பாறையிடுக்கில், வெளிறிய மடல்கள் மூடிய பிரமகமலம் ஒன்று கைக்கெட்டுந் தூரத்திற் பூத்திருந்தது. ஆச்சியின் நினைவு வந்தது, கை நீண்டது. வழிகாட்டியாய் வந்த கிராமத்து இளைஞர் தடுத்தார். "பூசைக்கல்லவா?" என்றோம். "எல்லாரும் பூசைக்கென்றே பறிக்கின்றார்கள், விதைக்கு எது எஞ்சும்?" என்றார். வெட்கித்துக் கையை மீட்டோம்.

ஆயின், தொடாதிருத்தல் மட்டும் போதுமா? போதாது என்பதையும் அப்பள்ளத்தாக்கே காட்டுகின்றது. 1982இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டு, மேய்ச்சல் தடுக்கப்பட்டது. பின்னர் பொலிகோனம் என்னும் உயர்ந்த செடியொன்று பெருகி, சிறு மலர்ச் செடிகளை நிழலால் அழுத்தத் தொடங்கியது. ஆடுகள் மேய்ந்த காலத்தில் அது கட்டுப்பட்டிருந்தது என்பர் சிலர், மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், வனத்துறையினர் அதனை வேரோடு களைந்து வருகின்றனர். 2005இல் உலகப் பாரம்பரியத் தலமெனப் பெயர் பெற்ற பின்னரும், அந்தக் களையெடுப்பு ஓய்ந்தபாடில்லை.

பெரியோர்களே, நாமோ சுவாமிக்கு மலர் பறித்தலையே தொண்டு என்று பயின்றவர்கள். பறியாது விடுவதும் தொண்டாகலாம், முதுகு வளைந்து களை பிடுங்குவதும் தொண்டாகலாம் என்பதை அங்கேதான் கற்றோம்.

வெறுங்கையோடு வீடு வந்தோம். ஆச்சியிடம் நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். அவர் மனம் நொந்தாரோ என்று அஞ்சினோம். பின்னர், "அது அங்கையே இருக்கட்டும், மோனை. மலையிலை இருக்கிறவருக்கும் பூ வேணுந்தானே" என்றார்.

மறுநாட் காலையில், வழக்கம்போல் முற்றத்துச் செவ்வரத்தம் பூவைச் சாமிப் படத்துக்கு வைத்தார். அன்று அச்செடியின் அடியிலிருந்த புல்லைப் பிடுங்கியவர்கள் நாம்.