ஐந்து மைந்தரும் ஐந்து புதல்வியரும்

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கு அண்மையில், தெம்பிள் என வழங்கும் வட்ட வடிவான பழைய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் தரையிலே கவசம் பூண்ட வீரர்களின் கற்சிலைகள் சில கிடந்த கோலத்தில் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று பெம்புறோக் பிரபுவான வில்லியம் மார்ஷலின் உருவம் எனக் கருதப்படுகிறது. 1941 ஆம் ஆண்டு மே மாதத்தில் குண்டு வீச்சினால் தேவாலயத்தின் கூரை எரிந்து வீழ்ந்தபோது அச்சிலைகளும் சிதைவுற்றன. ஆயினும், அச்சிலைக்குரியவனின் குலம் அதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துவிட்டது என்பது வழிவழி வந்த பேச்சு. அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வதே மத்திய கால ஆங்கிலப் பிரபுக்களின் வமிசாவளியை விளங்கிக் கொள்வதற்கு நல்ல வாயிலாகும்.

வில்லியம் மார்ஷல் பெருஞ் செல்வத்திற் பிறந்தவனல்லன். தந்தைக்கு நான்காம் மகன். மூத்தவனுக்கே நிலம் என்னும் வழக்கு வேரூன்றிய நாட்டில், நான்காம் மகனுக்கு வாளும் குதிரையுமே சொத்து. அரசர்க்குப் பணியாற்றியும் வீர விளையாட்டுக்களில் வென்றும் அவன் புகழ் ஈட்டினான். 1189 ஆம் ஆண்டிலே அவனுடைய வாழ்வு ஒரு திருமணத்தால் மாறியது. மணமகள் இசபெல் டி கிளேர். அவள் தந்தை 1176 இல் இறந்தவன். அவள் முதுசொமோ வேல்ஸ் எல்லையிலும் அயர்லாந்தின் லென்ஸ்ரர் மாகாணத்திலும் பரந்து கிடந்தது. தந்தையை இழந்த பிரபு குலத்துப் பிள்ளைகளின் காவலும் திருமணமும் அரசனின் கையில் இருந்த காலம் அது. அவ்விளம் பெண் அரசனின் காவலில் இலண்டன் கோட்டையில் இருந்தாள். நீண்ட நாட் சேவைக்குப் பரிசாக அரசன் அவளை மார்ஷலுக்கு மணமுடித்துக் கொடுத்தான். ஏறக்குறைய நாற்பது வயதளவும் நிலமற்றிருந்த வீரன், ஒரே நாளில் நாட்டின் பெரும் பிரபுக்களில் ஒருவனானான்.

ஆகவே, மார்ஷல் குலத்தின் பெருஞ் செல்வம் ஒரு பெண்ணின் வழியாக வந்தது. பிற்பாடு அஃது எவ்வழியே போயிற்று என்பதை அறிவதற்கு இது நினைவில் இருத்தற்பாலது.

இசபெல் அவனுக்கு ஐந்து மைந்தரையும் ஐந்து புதல்வியரையும் பெற்றாள். 1216 இல் ஜோன் மன்னன் இறந்து, ஒன்பது வயதுச் சிறுவனான மூன்றாம் ஹென்றி அரியணை ஏறியபோது, எழுபது வயதை எட்டியிருந்த மார்ஷலே அரசப் பிரதிநிதியாக நின்று நாட்டைக் காத்தான். 1217 இல் லிங்கன் நகரப் போரிலே தானே படையுடன் சென்று வென்றான். 1219 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆந் திகதி அவன் கண்மூடினான். 1226 ஆம் ஆண்டளவில் அவன் குடும்பத்தார் அவனது வரலாற்றைப் பிரெஞ்சு மொழியிலே 19,000 அடிகளுக்கு மேற்பட்ட பாட்டாகப் பாடுவித்தனர். அப்பாட்டிலே பத்துப் பிள்ளைகளும் எண்ணிக் கூறப்படுகின்றனர். ஐந்து ஆண்மக்கள் உள்ள வீட்டில் குலம் தழைக்கும் என்பதில் அன்று எவர்க்கும் ஐயம் இருந்திருக்க நியாயமில்லை.

நிகழ்ந்ததோ வேறு. மூத்தவன் வில்லியம், அரசனின் தங்கை எலினோரை மணந்தவன், 1231 இல் மகவின்றி மாண்டான். இரண்டாமவன் றிச்சட், அரசனோடு முரண்பட்டு அயர்லாந்துக்குச் சென்று, போரில் ஏற்பட்ட காயத்தால் 1234 இல் இறந்தான். மூன்றாமவன் கில்பேட், சமயப் பணிக்கென வளர்க்கப்பட்டவன். தமையன்மார் இறந்தமையால் பிரபுப் பதவியை ஏற்றவன். 1241 இல் ஹேட்போட் நகரில் நடந்த வீர விளையாட்டிலே குதிரையினின்றும் வீழ்ந்து அவனும் உயிர் நீத்தான். நான்காமவன் வால்ரர் 1245 ஆம் ஆண்டு நவம்பரில் இறந்தான். ஐந்தாமவன் அன்செல்ம் அடுத்த மாதமே இறந்தான். ஐவரில் ஒருவனும் முதுசொத்துக்குரிய பிள்ளையை விட்டுச் செல்லவில்லை. தந்தை மறைந்து இருபத்தாறு ஆண்டுகளுள் ஆண் வழி அற்றது.

இதற்குக் காரணம் யாது என மக்கள் வினவினர். அக்காலத் துறவியும் வரலாற்றாசிரியருமான மத்தேயு பாரிஸ் ஒரு கதையை எழுதி வைத்தார். அயர்லாந்தில் பேர்ன்ஸ் என்னும் இடத்து ஆயருக்குரிய நிலத்தை மூத்த மார்ஷல் கவர்ந்து கொண்டானாம். மைந்தர் அதனைத் திருப்பிக் கொடுக்க மறுத்தனராம். அவர்தம் குலம் ஒரு தலைமுறையில் அழிக என்று ஆயர் சபித்தாராம். அச்சாபமே பலித்தது என்று உலகம் நம்பியது.

சாபம் என்னும் விளக்கம் மனத்துக்கு எளிது. ஆனால் பிற குலங்களையும் நோக்கினால், மார்ஷல் குடும்பத்துக்கு நேர்ந்தது அத்துணை அபூர்வமன்று என்பது புலனாகும். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் மக்பார்லன், 1300 முதல் 1500 வரையுள்ள ஆங்கிலப் பிரபு குலங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, நேர் ஆண் வழி இல்லாமல் மறைந்த குலங்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு என அவர் கண்டார். போர், நோய், குழந்தைப் பருவத்து மரணம், மகப்பேறின்மை ஆகியவையே அதற்குப் போதும். சபிப்பதற்கு ஆயர் ஒருவர் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் மார்ஷல் குலம் அழிந்ததா? இவ்வினாவுக்கு விடை சட்டத்திலே கிடக்கின்றது. ஆண் மக்கள் பலராயின் மூத்தவனுக்கே நிலம் முழுவதும். ஆண் மக்கள் அற்றால் பெண் மக்களுக்கு. அவருள் மூத்தவள் இளையவள் என்ற பேதமில்லை, எல்லோர்க்கும் சம பங்கு. ஒருத்தி இறந்திருப்பின் அவள் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. தமையர் ஐவரும் போனபின், தங்கையரும் அவர் மக்களும் முதுசொத்துக்கு உரியோராயினர்.

1247 ஆம் ஆண்டளவிற் பங்கீடு நிறைவேறியது. லென்ஸ்ரர் மாகாணத்திலே மூத்தவள் மோட் என்பவளுக்குக் காலோ. இசபெலின் வழிக்குக் கில்கெனி. சிபிலின் வழிக்குக் கில்டெயர். ஜோனின் வழிக்கு வெக்ஸ்போட். ஈவாவின் வழிக்குத் துனமாஸ் கோட்டையும் அதனைச் சூழ்ந்த லீஷ் நாடும் எனப் பிரிந்தன. இறந்தோரின் விதவையர்க்கு வாழ்நாள் உரிமையாக மூன்றிலொரு பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. மூத்தவனின் விதவையான எலினோர், பின்னர் சைமன் டி மொன்போட்டை மணந்தவள், தனது விதவைப் பங்கு குறைவாகக் கிடைத்தது என்று பல்லாண்டு வழக்காடினாள். அவ்வழக்கு அரசனுக்கும் மொன்போட்டுக்கும் இடையே மூண்ட பகைக்கு ஊட்டிய நெய்களுள் ஒன்று.

சிபிலுக்கோ ஏழு பெண்கள். ஆகவே ஐந்திலொரு பங்கு மேலும் ஏழாகப் பிளந்தது. ஒவ்வொருத்திக்கும் கிடைத்தது மார்ஷல் முதுசொத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இப்பின்னத்தைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை. அதனால் விளைந்த பயன் பெரிது. ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை நாட்டுவதற்கு, இன்னாள் இன்னாளின் மகள், அவள் இன்னானை மணந்தாள், அவர்க்குப் பிறந்தவன் இவன், அவன் வயது இத்துணை என்று தலைமுறை தோறும் எழுத வேண்டியதாயிற்று. புலவர் பாடாத பெண்களின் பெயரைக் காணிக் கணக்குக் காப்பாற்றிவிட்டது.

இவ்விடத்தில் வமிசாவளி ஆராய்ச்சியின் உண்மையான ஆதாரங்களைக் கூறுதல் பொருந்தும். அரசனிடமிருந்து நேராக நிலம் பெற்ற ஒருவன் இறந்தால், அரசனின் அதிகாரி அவ்வூர் மனிதரைச் சான்றாளராகக் கூட்டி விசாரணை நடத்துவான். இறந்தவன் வைத்திருந்த நிலம் யாது, அதன் ஆண்டு வருமானம் என்ன, அவன் இறந்த நாள் எது, அடுத்த உரிமையாளர் யார், அவர் வயது என்ன என்பவை கேட்கப்படும். விடை இலத்தீன் மொழியிலே தோலில் எழுதி முத்திரையிடப்படும். மூன்றாம் ஹென்றியின் காலந்தொட்டு நான்கு நூற்றாண்டு எழுதப்பட்ட இவ்வேடுகள், இன்று இலண்டனை அடுத்த கியூ என்னுமிடத்திலே தேசியச் சுவடிச்சாலையில் ஆயிரக்கணக்கிற் காக்கப்படுகின்றன.

காவலில் வளர்ந்த மைந்தன் இருபத்தொரு வயது அடைந்தான் என்று நாட்ட வேண்டும்போது மற்றொரு விசாரணை உண்டு. பிறப்புப் பதிவேடு இல்லாத காலம். ஆகையால் அயலூர் மனிதர் தம் நினைவிலிருந்து சான்று கூறினர். அப்பிள்ளைக்குப் பெயரிட்ட வாரத்திலே தன் தந்தையை அடக்கஞ் செய்ததாக ஒருவன் கூறுவான். தன் வீடு எரிந்ததாக ஒருவன் கூறுவான். தன் கால் முறிந்ததாக மற்றொருவன் கூறுவான். ஒரே வகைச் சான்று பல ஊர்களிலும் மீண்டும் மீண்டும் வருவதனால், சில சம்பிரதாயத்துக்காக எழுதப்பட்டவை என்று அறிஞர் எச்சரிக்கின்றனர். எனினும், பிரபுவின் மகனுக்கு நிலம் கிடைப்பது உழவனின் நினைவில் தங்கியிருந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

இவ்வறண்ட ஏடுகளுக்கு எதிரே, பொன் வண்ணம் தீட்டிய வமிசப் படங்கள் நிற்கின்றன. 1530 தொடக்கம் 1680 ஆம் ஆண்டுகள் வரை, குலச்சின்ன அதிகாரிகள் ஆங்கில நாட்டு மாவட்டந்தோறும் சென்று குடும்பங்களின் வமிசாவளியைப் பதிந்தனர். அவற்றுட் பயனுள்ளவை பல. ஆனால் புதிதாகச் செல்வம் பெற்றோர் பழம்பெருமையை விலை கொடுத்து வாங்க முற்பட்டதும் அக்காலத்திலேயே. 17 ஆம் நூற்றாண்டில் பீல்டிங் என்னும் பிரபு குடும்பம், ஐரோப்பாவின் ஹப்ஸ்பேக் பேரரசர் வமிசத்திலிருந்து தாம் வந்ததாக உரிமை பாராட்டியது. நெடுங்காலம் பெரியோரும் அதனை நம்பினர். ஹொறஸ் றவுண்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 1901 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே மூல உறுதிகளைச் சோதித்து, அது வெறுங் கட்டுக்கதை எனக் காட்டினார்.

பொய்யைக் களைவது ஒன்று. மயக்கத்தைத் தெளிவிப்பது மற்றொன்று. மார்ஷல் குடும்பத்திலேயே அதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மார்ஷலின் மனைவி இசபெல் டி கிளேர். அவர்களின் மகளும் இசபெல். அவள் தன் தாய் பிறந்த கிளேர் குலத்தின் மற்றொரு கிளையிலே மணந்தாள். அவளுக்குப் பிறந்த பெண்ணுக்கும் இசபெல் டி கிளேர் என்றே பெயர். பாட்டியும் பேர்த்தியும் பெயரால் ஒருத்தியே. ஆண்டும் கணவன் பெயரும் பாராது படம் வரைபவன் இருவரையும் ஒருத்தியாக்கி ஒரு தலைமுறையைத் தொலைத்துவிடுவான்.

அப்பேர்த்தி ஸ்கொத்லாந்து நாட்டு றொபேட் புறூஸ் என்பவனை மணந்தாள். அவளுடைய பேரனே 1306 இல் ஸ்கொத்லாந்தின் முடிசூடி அந்நாட்டின் சுதந்திரத்தை நிலைநாட்டிய றொபேட் மன்னன். ஈவாவின் மகள் ஒருத்தி மோட்டிமர் குலத்திற் புகுந்தாள். அவ்வழியிலே தோன்றியவன் 1461 இல் இங்கிலாந்தின் அரசனான நான்காம் எட்வேட். சபிக்கப்பட்டு அழிந்ததாகச் சொல்லப்பட்ட குலத்தின் குருதி, இரு நாட்டு அரியணைகளிலும் அமர்ந்தது.

மூத்த புதல்வி மோட் 1246 இல் தந்தையின் மார்ஷல் பதவிக்குரிய கோலைப் பெற்றாள். அப்பதவியை அவள் மைந்தன் றோஜர் பிகொட் வகித்தான். 1248 இல் அவள் இறந்தபோது, மைந்தர் நால்வரும் அவள் உடலைச் சுமந்து சென்று வேல்ஸ் நாட்டுத் தின்ரேண் மடாலயத்தில், அவள் தாய் துயிலும் இடத்திலே அடக்கஞ் செய்தனர். நால்வரில் மூவர் பிகொட் குலத்தார்; ஒருவன் வாறென் குலத்தான். மார்ஷல் என்னும் பெயர் அவர்களுள் ஒருவனுக்கும் இல்லை. ஆண் வழியை மட்டும் வரைந்த படத்திலே அந்நால்வருக்கும் இடமில்லை; அவர்கள் சுமந்து சென்ற தாய்க்குக் கீழே கோடும் இல்லை. அக்கோட்டை வரைந்து காட்டுவதே வமிசாவளி ஆராய்ச்சியாளனின் பணி.