புதினம் மக்கள் நெஞ்சேறுவது எங்ஙனம்?

 

அச்சேறும் புதினங்கள் பல. மக்கள் நெஞ்சேறுவன சிலவே. ஏன்? சான்று 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' கிழமையிதழில் தொடராக வந்த அந்நெடுங்கதை, 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரையிலும் வந்தது.

மக்கள் எளியதையே நாடுவர் என்பார் உளர். அது பிழை. ஐந்து பகுதி கொண்ட நூலைப் படித்து முடிப்போர் சோம்பர் அல்லர்.

உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற இரண்டகர்களின் பெயர்களைக் கூறுகிறது. எதற்காகக் கொன்றனர் என்று கூறவில்லை. கல் வாய்மூடிய இடத்திலேதான் கதை வாய்திறந்தது. விடையில்லா அவ்வரலாற்று வினாவை மக்கள்முன் வைத்து, ஒரு முடிச்சை அவிழ்க்கும்போதே மறுமுடிச்சு இட்டார் கல்கி. மணியம் தீட்டிய ஓவியங்கள் கதைமாந்தர்க்கு முகம் தந்தன. அடுத்த இதழுக்குக் காத்திருந்தோர் தமக்குள் பேசினர்; அப்பேச்சே புகழாய்ப் பரவிற்று.

அந்நடை வடசொல் விரவியதே. ஆயினும், புலவர்தம் ஆராய்ச்சி நூல்கள் நுழையாத இல்லங்களிலும் குந்தவையையும் வந்தியத்தேவனையும் அது குடியேற்றியது. ஒன்று மறவற்க: நந்தினி ஆசிரியர் படைத்தவள், கல்வெட்டில் அவள் இல்லை. கதையைக் கதையாகச் சுவைத்து, வரலாற்றைக் கல்வெட்டில் தேடுதல் வேண்டும்.

தூய தமிழில் எழுதுவோர், படிப்பாரில்லையே என மக்களை நோவதை விடுக! தூய சொல் மட்டும் போதாது. அடுத்தது யாதெனக் கேட்கத் தூண்டும் கதையும் வேண்டும். இரண்டும் கூடின், தமிழ் மனைதோறும் வாழும்!