பூட்டும் வேண்டும், திறப்பும் நம்மிடம் வேண்டும்

(வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முன்னர் அரசாங்க உத்தியோகத்தர் நம் வாசலுக்கு வந்தால் அவர் கையில் கடதாசியும் பேனையும் இருக்கும். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்கு வந்தவர்கள் கையிலோ 'டெப்' என்று வழங்கும் பலகைக் கணினி இருந்தது. வீட்டில் உள்ளோர் யார், வயது என்ன, இனம் எது, மதம் எது என்பனவெல்லாம் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் சென்றன. நாளை வயலுக்கு வரும் உத்தியோகத்தரும் இதனையே கொண்டு வருவார். வெளிக்கள வேலைக்கென்றே உறுதியாகச் செய்த கருவிகளும் சந்தையில் உள. ஐ.பி. 67 எனும் தரம் பெற்ற கருவி ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும், புழுதியும் உட்புகாது.

உடலுறுதி நன்றே. ஆயினும் நாம் இன்று எழுப்பும் வினா அதன் பூட்டைப் பற்றியது. அக்கருவிக்கு எத்தகைய பூட்டு வேண்டும்? அதன் திறப்பு யாரிடம் இருத்தல் வேண்டும்?

பூட்டு எதற்கு என்று வெள்ளவத்தையில் எவரும் கேளார். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் திரிந்த காடையர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. தமிழர் வீடு எது என்று அவர்கள் தேடி அலையவில்லை; பெயரைப் பார்த்து வந்தார்கள். அந்த இடாப்பு இரகசியப் பத்திரமும் அன்று. எவர் பெயரும் களவாக நீக்கப்படலாகாது என்பதற்காகவே சட்டம் அதனைப் பகிரங்கமாக வைத்தது. நம் வாக்கைக் காக்கத் திறந்து வைத்த ஏடே நம் வீட்டுக்குத் தீ வைக்க வழிகாட்டியது. பின்னர் 2007 ஜூன் 7ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்க வேண்டியதாயிற்று. யார் எங்கே தங்குகிறார் எனும் விபரம் எத்தகைய ஆயுதம் என்பதைக் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அறியும்.

ஆதலால் நம் விபரம் பூட்டப்படத்தான் வேண்டும். கருவி களவு போனாலும் உள்ளிருப்பதை அயலார் வாசிக்க முடியாதவாறு மறைகுறியாக்கம் வேண்டும். தொலைவிலிருந்தே அதனை அழித்துவிடும் வசதி வேண்டும். ஒரு பணிக்கெனக் கொடுத்த கருவியில் வேறொன்றை ஏற்ற இடமிருத்தலாகாது.

ஆனால் இதனைச் சாட்டாக வைத்துக் கருவி முழுவதையும் இருட்டறையாக்குவதை நாம் ஏற்கோம். 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு வாய்மூடினால் என்ன நேரும் என்பதற்கு நம் சட்டப் புத்தகமே சான்று. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயருடன் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

பூட்டின் அமைப்பை மறைத்தால்தான் பாதுகாப்பு என்று சிலர் கூறுவர். ஒல்லாந்தில் பிறந்த கேர்க்கோவ்ஸ் என்ற மொழியறிஞர் 1883லேயே இதனை மறுத்தார். முறை முழுவதும் பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு வரலாகாது; திறப்பு ஒன்றே இரகசியமாக இருந்தாற் போதும் என்பது அவர் கண்ட விதி. இன்றைய மறைகுறியியல் அவ்விதியின் மேலேயே நிற்கிறது.

கருவிகளில் இதற்கு இரண்டு வழிகளைக் காண்கிறோம். சாம்சங் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கையாண்டு வந்த 'நொக்ஸ்' முறையில், பூட்டை நீக்கி வேறு இயங்குதளத்தை ஏற்றினால் உள்ளே ஓர் உருகி எரிந்துவிடும். அதன்பின் பாதுகாப்புப் பெட்டகம் மீண்டும் திறவாது. களவாக எவரும் உள்ளே கைவைக்க முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் பணங்கொடுத்து வாங்கியவரும் அந்நியராகவே நடத்தப்படுகிறார். கூகுளின் பிக்சல் கருவிகளிலோ, உடைமையாளர் தாம் தெரிந்த இயங்குதளத்தை ஏற்றி, தமது திறப்பைக் கொண்டே மீளப் பூட்டலாம். பூட்டின் உறுதியும் உடைமையாளர் உரிமையும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

எனவே, மக்கள் பணத்தில் கருவி வாங்கும் ஒவ்வொரு விலைமனுவிலும் நான்கு நிபந்தனைகளைக் கேட்போம்.

முதலாவது, திறப்பு விற்றவரிடம் மட்டும் கிடத்தலாகாது. பொறுப்புக் கூறவேண்டிய பொது நிறுவனத்திடம் இருத்தல் வேண்டும். இரண்டாவது, நம் விபரத்தைக் கையாளும் நிரலைச் சுதந்திரமான நிபுணர் படித்துப் பரிசோதிக்க இடம் வேண்டும். மூன்றாவது, 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. ஆதலால் எழுதப்பட்டதை வீட்டுக்காரர் தமிழில் வாசித்துத் திருத்தத் திரை இடந்தர வேண்டும். நான்காவது, பற்றரி தளர்ந்ததும் கருவியை எறியாமல் ஊரிலேயே மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் கைக்கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே மாற்றும் உரிமைக்கு 2027 பெப்ரவரியை நாளாகக் குறித்துச் சட்டம் செய்தது. நாம் கேட்பதில் புதுமை இல்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய 2025 மார்ச் மாதத்தில் தவணை தள்ளப்பட்டது. சட்டம் உறங்கினாலும் கருவி வீடுதோறும் ஏறுகிறது.

ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. படித்த பெருமக்களே, கருவி எந்நிபந்தனையில் வாங்கப்பட்டது, விபரம் எங்கே வைக்கப்பட்டுள்ளது, எவர் அதனைத் திறக்கலாம் என்று எழுதிக் கேளுங்கள். கமக்காரப் பெருமக்களே, வரம்பில் நின்று உங்கள் காணியைப் பதியும் உத்தியோகத்தரிடம், "ஐயா, எழுதியதை ஒருமுறை காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் காட்டினால் நன்றி கூறுங்கள். காட்ட முடியாது என்றால், அன்று மாலையே நமக்கு அறிவியுங்கள். விண்ணப்பத்தை நாம் எழுதுவோம்.