தோல் நிறம் என்று எந்தப் பென்சிலுக்குப் பெயர்?

(சென்னையில் இளம் ஓவியர்கள், வடிவமைப்பு மாணவர்கள் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வரைவதைப் பற்றி எதையாவது பேசுங்கள், போதும்" என்று சொல்லித்தான் என்னை அழைத்து வந்தார்கள். நான் புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து பிழைப்பவள். என் அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும். பிறகு பிளக்ஸ் வந்தது, அப்பாவின் தூரிகை பரணுக்குப் போனது. ஆகவே ஓவியம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது கலைக்கூடம் அல்ல. சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரின் வாசனைதான்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பதிப்பகம் குழந்தைகள் பாடல் புத்தகத்துக்குப் படம் கேட்டது. மழையில் ஆடும் ஒரு சிறுமி. எங்கள் தெருப்பிள்ளை ஒருத்தியை மனதில் வைத்து வரைந்து அனுப்பினேன். நல்ல கருப்பு. "படம் அருமை, பிள்ளையை மட்டும் கொஞ்சம் பிரைட் ஆக்க முடியுமா? அச்சில் டல்லாக விழும்" என்று பதில் வந்தது.

அச்சில் கருப்பு டல்லாக விழாது. பின்னணியை வெளிர் நிறமாக வைத்தால் கருப்பைப் போல எடுப்பாகத் தெரிவது வேறு எதுவும் இல்லை. அது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அந்த மாதம் வாடகை பாக்கி இருந்தது, சொல்லவில்லை. கணினியில் ஒரு பொத்தானைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினேன். இரண்டு நிமிட வேலை. பணம் வந்துவிட்டது.

புத்தகம் வந்ததும் அண்ணன் மகளிடம் கொடுக்கப் போனேன். அவள் தன்னைத்தானே படம் வரைந்துகொண்டிருந்தாள். சட்டைக்குச் சிவப்பு, ரிப்பனுக்குப் பச்சை. முகத்துக்கு வெளிர் ஆரஞ்சுப் பென்சிலை எடுத்தாள். "இது உன் கலர் இல்லையேம்மா" என்றேன். "அய்யோ அத்தை, இதுதான் ஸ்கின் கலர்" என்றாள், படம் வரைகிற அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற முகத்தோடு. நான் கொண்டுபோன புத்தகத்தை அவளிடம் கொடுக்காமலேயே பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் இதே போன்ற ஒரு கிரேயானுக்கு 'சதை நிறம்' என்று பெயர் வைத்திருந்தது. 1962இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'பீச்' பழத்தின் பெயரை வைத்தார்கள். 2020இல் மனிதத் தோலின் 24 நிறங்களை ஒரே பெட்டியில் போட்டு விற்றார்கள். நம் வகுப்பறைகளில் இன்றைக்கும் "ஸ்கின் கலர் குடுடி" என்ற குரல் கேட்கிறது. கேட்கிற பிள்ளையின் தோல் அந்தப் பென்சிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். எந்த ஆசிரியரும் தப்பென்று சொல்வதில்லை, ஏனென்றால் அவரும் அப்படித்தான் கற்றார்.

நம் மொழியில் வர்ணம் என்றால் நிறம். நாலு வர்ணம் என்றால் அது வேறு. இந்த நாட்டில் நிறத்தைத் தொடுகிறவர் யாரும் சாதியைத் தொடாமல் இருக்க முடியாது என்பதை அந்தச் சொல்லே சொல்கிறது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். மணிக்கட்டில் சாதிக்கு ஒரு வண்ணத்தில் கயிறு கட்டி வரும் வழக்கத்தைத் தடுக்க 2019இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையிலும் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது.

ஒரு கல்லூரி மலருக்கு அட்டை செய்தபோது, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இரண்டு வண்ணங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் போன் வந்தது. "மேடம், இது 'அவங்க' கலர். வேற ஏதாவது போடுங்க." வண்ணச் சக்கரம், பொருந்தும் நிறம், முரண் நிறம் என்றெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். எந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் எந்த நிறம் யாருடையது என்று சொல்லித் தர மாட்டார்கள். அதை நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் நிறம் நீலம். 1942இல் பாபாசாகேப் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம். ஊர்தோறும் நிற்கும் சிலைகளின் கோட்டும் நீலம். தமிழ்நாட்டில் அந்தச் சிலைகள் பலவற்றைச் சுற்றி இரும்புக் கூண்டு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடைக்க வருகிறவனை விட்டுவிட்டு, உடைபடுகிறவரை அடைத்துவைக்கும் பாதுகாப்பு அது.

பேருந்தில் போகும்போது எங்கே கூண்டைப் பார்த்தாலும் இறங்கி வரைவது என் பழக்கம். அதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. கம்பியை முதலில் போட்டால் உள்ளே இருப்பவர் துண்டு துண்டாகிவிடுகிறார். அவரை முதலில் போட்டால், பிறகு அவர் முகத்தின் மேல் நானே என் கையால் கம்பி இழுக்க வேண்டியிருக்கிறது. கை வராது. கூண்டை விட்டுவிட்டு வரைந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது பொய். அந்த ஊரில் நடப்பதை மறைத்த படமாகிவிடும்.

பல நோட்டுகள் வீணான பிறகு ஒருநாள் சிலைக்குப் பின்பக்கமாகப் போய் நின்றேன். நீட்டிய விரலுக்குப் பின்னால் நின்று, அவர் பார்க்கும் திசையில் பார்த்தேன். டீக்கடை, கொடிக்கம்பங்கள், ஊர்த்தெருவின் வளைவு எல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரிந்தன. அடைபட்டிருப்பது யார் என்ற கேள்வி மாறிப்போனது. அதிலிருந்து அந்தச் சிலைகளை அப்படித்தான் வரைகிறேன்.

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் படத்தின் அரசியல். அதற்கு இன்னொரு உதாரணம், 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம். அரசியல் சட்டம் என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கும். 2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இதைச் சேர்த்தார்கள். 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் எழுப்பிய பிறகு அது பெரிய விவாதமானது. "சாட்டை நத்தைக்குத்தான், கேலியைக் கேலியாகப் பார்க்கத் தெரியவில்லையா?" என்று பல அறிவாளிகள் நம்மைக் கேட்டார்கள்.

கேலி எனக்குப் பிடிக்கும். ஆனால் வரைகிறவளாக நான் கேட்பது, அந்தப் படத்தில் எதை வரையாமல் விட்டார்கள் என்பதைத்தான். வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார். ஒருவர் இறந்தார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இன்னொருவருக்கு வேறு அரசுப் பணி. ஓரிருவர் உடல்நிலை காரணமாக டெல்லிக்கு வெளியே இருந்தார்கள். கடைசியில் சுமை முழுக்க அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635 என்றும், அவற்றில் அவையில் முன்மொழியப்பட்டவை 2,473 என்றும் பாபாசாகேபே 1949 நவம்பர் 25 உரையில் கணக்குச் சொன்னார். நான் வரைந்திருந்தால் ஏழு நாற்காலி போட்டிருப்பேன். ஆறு காலி. ஏழாவதில் ஒருவர், முன்னால் காகித மலை. அதிலும் சிரிக்கலாம், அந்தச் சிரிப்பு வேறு ஆட்களைச் சுடும். அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை எப்படியெல்லாம் வரைந்தன என்று உன்னமதி சியாம் சுந்தர் நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் திரட்டி 2019இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். தேடிப் படியுங்கள்.

எப்படி வரைய வேண்டும் என்பதற்கு எனக்குப் பாடம் 2011இல் வந்த 'பீமாயணா'. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் பாபாசாகேபின் வாழ்க்கையை வரைந்தார்கள். காமிக்ஸ் என்றால் கட்டம் கட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. தங்கள் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்றார்கள். பேச்சைக் காட்டும் குமிழியைப் பாருங்கள்: அன்பான சொல்லுக்குப் பறவை வடிவம், சாதி நஞ்சு கலந்த சொல்லுக்குத் தேள் கொடுக்கு. வசனத்தைப் படிக்கும் முன்பே கொட்டுகிறது. இதை எந்த டிசைன் கல்லூரியும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை, அவர்கள் மரபு கொடுத்தது.

சினிமாவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'பரியேறும் பெருமாள்' முடியும்போது இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த ஊரில் அந்தச் சட்டகத்துக்கு விளக்கம் தேவையில்லை. அதே நேரம் இப்போது நீலச் சட்டையும் பாபாசாகேப் படம் போட்ட டி-ஷர்ட்டும் நல்ல வியாபாரம். போடுங்கள், நானும் போடுகிறேன். அதை வடிவமைத்தவர் யார், பணம் யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். பிளாக் பேந்தர் கட்சியின் பத்திரிகைக்கு எமோரி டக்ளஸ் தடித்த கருப்புக் கோடும் பெரும்பாலும் கூடுதலாக ஒரே ஒரு வண்ணமும் வைத்துப் படம் போட்டார். காசு இல்லாத அச்சுக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும். அந்த இயக்கத்தின் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். விலையுயர்ந்த கருவி இல்லை என்று வரையாமல் இருக்காதீர்கள்.

அந்த மழைச் சிறுமிக்கு வருகிறேன். பழைய கோப்பை நான் அழிக்கவில்லை. போன ஆண்டு பதிப்பகத்துக்கு எழுதினேன்: "மறுபதிப்பு வந்தால் முதல் படத்தையே போடுங்கள், காசு வேண்டாம்." "பார்க்கலாம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும் மின்னஞ்சலில், என்னைக் கேட்காமல் தோல் நிறத்தை மாற்றக்கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வரியால் இதுவரை இரண்டு வேலை போயிருக்கிறது. நாம் பத்துப் பேர் சேர்ந்து அதே வரியை எழுதினால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

அண்ணன் மகளுக்கு அரக்கும் காவியும் கலந்து தேய்க்கச் சொல்லிக் கொடுத்தேன். "இதுக்கு என்ன பேர் அத்தை?" என்று கேட்டாள். "உன் பேரையே வச்சுக்கோ" என்றேன். பெட்டி மேல் எழுதி வைத்திருக்கிறாள்.