அறுந்த இடத்தைப் பாருங்கள்



நான் இன்ஜினியர். பேசப் போவதோ நர்ஸ் பரீட்சையைப் பற்றி. சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் குடும்பம் எங்களுடையது. என் தங்கை நர்ஸ். அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதிப் பெயிலானாள். "கடன் வாங்கிக் கட்டின பணம் போச்சே அண்ணா" என்று அழுதாள்.

1994 முதல் அந்தத் தேர்வைக் கம்ப்யூட்டர்தான் நடத்துகிறது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினம்; தப்பானால் சற்று எளிது. அதனால் யாருக்குமே ஏறக்குறையப் பாதி தப்பாகத்தான் போகும். தோற்றவருக்கு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சித் தரத்துக்கு மேலா, அருகிலா, கீழா என்று அதில் இருக்கும். குறைந்தது 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

அதைப் பிரித்தே பார்க்காமல் பெட்டியில் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தோம். மருந்துப் பகுதி 'கீழே'. முதலிலிருந்து எல்லாவற்றையும் படிக்கக் கிளம்பியவளிடம் அப்பா சொன்னார்: "இழை அறுந்தா தறியையா பிரிக்கிறோம்? அறுந்த இடத்தைப் பார்த்து முடி போடும்மா."

டூட்டி முடிந்து வந்து தினமும் கேள்விகள் போட்டாள். தப்பான ஒவ்வொன்றுக்கும் 'ஏன் தப்பு' என்று நோட்டில் எழுதினாள். அடுத்த முறை தேறினாள்.

இந்தக் கல்லூரியில் எனக்கும் அரியர் இருந்தது, வீட்டில் மறைத்தேன். தம்பிகளே, நீங்கள் மறைக்காதீர்கள். மார்க் ஷீட்டை எடுத்து வைத்து உட்காருங்கள்.