உருளைக்கிழங்கும் அதன் உறவினரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் இடம்பெறுதல் நம் சங்கத்தின் வழக்கம். அவற்றின் நடுவே, பயிர்களைத் தாக்கும் நோய்களைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டாயிற்று. ஆயினும், வாரம் இருமுறையேனும் உருளைக்கிழங்கு வேகாத அடுக்களை நம் காலனியில் ஒன்றேனும் உண்டோ என்று எண்ணிப் பார்த்தோம், தயக்கம் நீங்கிற்று. பூரிக்கும் தோசைக்கும் துணையாவது அது. விருந்தினர் திடீரென வந்துவிட்டால் இல்லத்தாரின் மானங்காப்பதும் அதுவே. நம்மைக் காக்கும் அதனைக் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சென்ற தை மாதத்து நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுவோம். தள்ளுவண்டியிற் காய்கறி கொண்டுவரும் பெரியவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நகருக்கு அப்பால் அவருக்கு மூன்று பீகா நிலம் உண்டு. மூடுபனி விலகாதிருந்த அந்த வாரத்தில் மூன்று நாள் அவர் வரவில்லை. நான்காம் நாள் வெறும் வண்டியோடு வந்து, "ஜுல்ஸா வந்துவிட்டது, பாபுஜி" என்று மட்டும் சொல்லி நின்றார். ஞாயிற்றுக்கிழமையன்று நண்பர் இருவரையும் அழைத்துக்கொண்டு நாம் அவருடன் சென்று பார்த்தோம். முழங்காலளவு செழித்திருந்த செடிகள் வெந்நீர் ஊற்றியவைபோற் கருகித் துவண்டு கிடந்தன. இலையின் அடிப்புறத்தில், கரும்புள்ளியின் ஓரமாக, வெண்பூசணம் மெல்லியதாய்ப் படர்ந்திருந்தது. அழுகல் நாற்றம் வயல் முழுதும் வீசிற்று. விதைக்கிழங்கு வாங்கக் கடன்பட்டிருந்தார் அவர். அறுவடைக்குப்பின் நடத்துவதாக இருந்த மகளின் திருமணத்தை ஓராண்டு தள்ளிவைத்தார் எனப் பின்னர் அறிந்தோம். "பூச்சி தின்றால் பிடித்துக் கொல்லலாம், பனி தின்றால் என்ன செய்வது?" என்று வரப்பில் நின்று அவர் கேட்ட கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை. அதற்கு நாம் தேடிக் கண்ட விடையே இச்சொற்பொழிவு.

தின்றது பனியன்று. பனியின் ஈரத்தைத் துணைக்கொண்டு வளரும் ஒரு நுண்ணுயிர். அந்நோயைத் தமிழில் பின்பருவ இலைக்கருகல் என்பர். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்திருக்கும் நாட்களில் ஓர் இலையின் புள்ளியிலிருந்து எழும் எண்ணற்ற வித்துகள் காற்றிலேறி அடுத்த வயலை அடைகின்றன. நோய்க்கு இசைந்த வானிலை வாய்த்தால், பசுமையாக நின்ற வயல் பத்து நாளில் கருகிப்போகும்.

இத்துயரம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில் உள்ள டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த பகுதிகளில் ஏழாயிரம் ஆண்டுகட்கு முன்பே மக்கள் அதனைப் பயிரிடத் தொடங்கினர். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா எனப் பல நிறத்துக் கிழங்குகளை ஒரே வயலிற் கலந்து நடுவது அம்மலையுழவரின் வழக்கம். ஒன்று பனியில் மாண்டால் மற்றொன்று பிழைக்கும். ஒன்றை நோய் தாக்கினால் இன்னொன்று நிற்கும். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றவை சில கிழங்குகளே. அவற்றின் உறவினர் கூட்டம் முழுவதும் மலையிலேயே தங்கிவிட்டது.

வேற்றூரில் வந்து குடியேறிய நமக்கு இச்செய்தியின் பொருள் எளிதில் விளங்கும். உற்றார் உறவினர் அருகில் இருப்பின் ஒருவர்க்கு நேர்ந்த இடரை மற்றவர் தாங்குவர். தனித்து வந்தவனுக்கு அத்துணை இல்லை. உருளைக்கிழங்கின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. கண்ணுள்ள துண்டுகளை வெட்டி நடுவதால், முளைக்கும் செடி யாவும் தாய்ச்செடியின் நேர் வார்ப்பாகவே அமைகின்றன. அயர்லாந்தின் ஏழை உழவர் 'லம்பர்' என்ற ஒரே இனத்தையே பெரிதும் நட்டு, அதனையே நாளும் உண்டு வாழ்ந்தனர். 1845-ஆம் ஆண்டில் இந்நோய் அவர்தம் வயல்களை அடைந்தது. ஒரு செடியை வென்ற நோய்க்கு மறு செடியை வெல்வது அரிதாக இல்லை. தொடர்ந்து சில ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அக்காலத்தும் அந்நாட்டினின்று தானியம் கப்பலேறிச் சென்றதென்பதையும் கூறாவிடின் வரலாறு முழுமையாகாது. நோய் வயலை அழித்தது. ஆட்சியின் அலட்சியம் மக்களை அழித்தது.

இந்நோய்க்கு ஒரு நுண்ணுயிரே காரணமென 1846-இல் பெர்க்கிலி என்ற ஆங்கிலப் பாதிரியார் எடுத்துரைத்தார், பலர் நம்பவில்லை. பின்னர் ஜெர்மானிய அறிஞர் டி பாரி ஆய்ந்து அதனை உறுதிப்படுத்தினார். 1876-இல் அவர் அதற்குச் சூட்டிய பைட்டோப்தோரா என்ற கிரேக்கப் பெயருக்குச் செடிகளை அழிப்பது என்பது பொருள். நம் நாட்டில் இந்நோய் முதன்முதல் காணப்பட்டது நீலகிரியில், 1870-க்கும் 1880-க்கும் இடையில். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை 1885-இல் பிரான்சில் வெளிப்பட்டபின் உழவர்க்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. எனினும் மருந்து மழையிற் கரையும். மீண்டும் தெளிக்கப் பணம் வேண்டும். செடிக்கே எதிர்ப்பாற்றல் இருப்பின் நன்றன்றோ என அறிஞர் சிந்தித்தனர்.

அதற்காக அவர்கள் நாடியது மலையிலும் காட்டிலும் விட்டுவந்த பழைய உறவினரைத்தான். மெக்சிகோ நாட்டில் விளையும் 'சொலானம் டெமிஸ்ஸம்' என்ற காட்டினம் இந்நோயை எதிர்த்து நின்றது. அதன் கிழங்கோ மிகச் சிறியது, உணவுக்கு ஆகாதது. அதனை நாட்டினத்தோடு மகரந்தம் சேர்த்து, பிறந்த செடிகளுள் நோய் அணுகாதவற்றைத் தெரிந்து, அவற்றை மறுபடியும் நாட்டினத்தோடே சேர்த்து, பல தலைமுறை முயன்று, காட்டினத்தின் உறுதியும் நாட்டினத்தின் கிழங்கும் ஒருங்கே பெற்ற செடிகளை உருவாக்கினர். வெற்றி கிட்டியதெனக் களித்தனர். சில ஆண்டுகள் கழிந்தன. அச்செடிகளும் கருகின!

நடந்தது இதுவே: அவ்வெதிர்ப்பாற்றல் ஒற்றைப் பூட்டைப் போன்றது. கோடிக்கணக்கான வித்துகளுள் ஏதேனும் ஒன்று, மாறுதலுற்று, அப்பூட்டுக்கு உரிய திறவுகோலாக அமைந்துவிடுகிறது. அதன் சந்ததியே பின்னர் வயலை ஆள்கிறது. அக்காட்டினத்திலிருந்து 11 தனித்தனி எதிர்ப்புக் கூறுகளை அறிஞர் கண்டறிந்தனர். ஒவ்வொன்றையும் வெல்லும் நோய்ப்பிரிவு தோன்றிவிட்டது. மெக்சிகோவின் டொலுக்கா பள்ளத்தாக்கில் பல்லாண்டு பணியாற்றிய நீடர்ஹவுசர் என்ற அமெரிக்க அறிஞர் வேறு வழி கண்டார். நோயே அணுகாத செடியைத் தேடாமல், நோய் வந்தபோதும் மெல்லப் பரவி, அறுவடைவரை தாக்குப்பிடிக்கும் செடிகளைத் தெரிந்தெடுத்தார். ஒற்றைப் பூட்டுக்கு மாறாக, பல சிறு தடைகள் நிறைந்த வீடு அது; திருடன் நுழைந்தாலும் தாமதப்படுவான். உலக உணவுப் பரிசு 1990-இல் அவருக்கு வழங்கப்பெற்றது.

நம் நாட்டின் முயற்சியும் பெருமைக்குரியதே. 1949-இல் பாட்னாவில் தொடங்கப்பெற்ற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1956-இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. சமவெளியின் குறும்பகற் குளிர்காலத்தில் உருளைச்செடி நன்கு பூப்பதில்லை. பூவாவிடின் இனக்கலப்புக்கு வழியில்லை. சிம்லாவுக்கு அருகிலுள்ள குஃப்ரி மலையில், நெடும்பகற் கோடையில், அது பூத்துக் காய்க்கிறது. ஆதலின் அங்குப் பிறந்த இனங்களெல்லாம் 'குஃப்ரி' என்ற ஊர்ப்பெயரையே தலைப்பெயராகக் கொண்டன. 1968-இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி இந்நோயை நெடுங்காலம் தாங்கியது. பிறகு அதன் ஆற்றலும் தேய்ந்தது. மலைப்பகுதிகட்கென 2008-இல் குஃப்ரி கிர்தாரி வந்தது. காவற்காரன் களைப்புறுவதற்குள் மாற்றுக் காவலனை அணியமாக்கி வைப்பதே இத்துறையின் நீங்காத கடமை.

இத்துறையோடு தமிழர்க்குள்ள தொடர்பையும் ஈண்டுக் குறிப்பிடுவது பொருந்தும். கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன், 1949-50-இல் நெதர்லாந்தின் வாஹனிங்கன் நகரில், உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழுவை எதிர்க்கும் இனங்களை ஆராய்ந்தார். உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்கே 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நூற்புழு 1961-இல் நம் நீலகிரியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதனை எதிர்க்கும் குஃப்ரி சுவர்ணா 1985-இல் நீலகிரி உழவர்க்குக் கிடைத்தது.

நெல்லின் கதை ஒன்றும் சொல்லல் வேண்டும்; அது நாம் வாழும் இவ்வுத்தரப் பிரதேச மண்ணைச் சார்ந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார், புல்குட்டை எனப்படும் வைரஸ் நோயை எதிர்க்கும் நெல்லைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விதை வகைகளைச் சோதித்தனர். எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று. இம்மாநிலத்துச் சதுப்பிலிருந்து சேகரிக்கப்பெற்ற 'ஒரைசா நிவாரா' என்ற காட்டுநெல் அது. 1970-களில் ஆசியாவெங்கும் பரவிய ஐ.ஆர். 36 முதலிய நெல்லினங்களில் அக்காட்டுநெல்லின் ஆற்றல் ஓடுகிறது. அச்சதுப்பை யாரேனும் முன்னரே தூர்த்திருப்பின் என்ன ஆகியிருக்கும்? பயனற்றதென நாம் ஒதுக்கும் புல்லிலும் நாளைய சோறு ஒளிந்திருக்கலாம்.

இனி, இரண்டாவது காவலைக் காண்போம். ஓர் உயிரை மற்றோர் உயிரைக்கொண்டு அடக்குவது அது. மண்ணில் இயல்பாக வாழும் 'டிரைக்கோடெர்மா' என்ற பச்சைநிறப் பூசணம், பயிரைக் கெடுக்கும் பூசணங்களின் இழைகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றின் சுவரைக் கரைத்து உண்கிறது. கிழங்கின் தோலிற் கருந்திட்டுகளை உண்டாக்கும் 'ரைசாக்டோனியா' பூசணத்தை அது இவ்வாறு உண்பதை 1932-இல் வைண்ட்லிங் என்பவர் விளக்கினார். 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியா வேரைச் சூழ்ந்து வாழ்ந்து, பகையுயிர்க்கு இடங்கொடாது காக்கிறது. நூற்புழுவின் முட்டைகளைத் துளைத்துண்ணும் பூசணம் ஒன்றும் உண்டு. அது முட்டைகளைத் தாக்குவதை 1979-இல் அறிஞர் கண்டது, உருளைக்கிழங்கின் தாயகமாகிய பெரு நாட்டிலேயே. இங்கும் உதவி உறவூரிலிருந்தே வந்தது.

இம்முறைக்குப் பெருஞ்செலவில்லை. மட்கிய தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மாத் தூளைக் கலந்து, ஈரம் உலராமல் நிழலில் வைத்திருந்து நிலத்தில் இடலாம், விதைக்கும் பூசலாம். ஆயினும் உண்மையை மறைத்தல் கூடாது. மண்ணிலும் வேரிலும் தோன்றும் நோய்கட்கு இம்முறை நல்ல துணை. மூடுபனி வாரத்தில் காற்றேறி வரும் இலைக்கருகலை இதுமட்டும் தடுத்துவிடும் என்பது தவறு. எதிர்ப்பாற்றல் உள்ள இனம், நோயற்ற விதைக்கிழங்கு, வானிலை அறிந்து முன்னரே தெளிக்கும் மருந்து, மண்ணை வளர்க்கும் நல்லுயிர்கள் ஆகிய நான்கும் கைகோத்து நின்றால்தான் வயல் பிழைக்கும். ஒன்றையே நம்பியவர் நிலை என்னவாயிற்று என்பதை அயர்லாந்து நமக்குக் காட்டிற்று.

இதில் காலனிவாசிகளாகிய நமக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது: விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகையில் நீலகிரியிலிருந்து உருளைக்கிழங்கையோ, மண்ணோடு கூடிய செடிகளையோ இரயிலிற் கொண்டுவராதீர்கள். நூற்புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் இருபதாண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆசையோடு கொணரும் ஒரு பிடி மண் இங்குள்ள உழவர்க்குத் தீராப் பகையாகலாம். இரண்டாவது: வீட்டுத் தோட்டத்தில், முளைவிட்ட கடைக்கிழங்கை நடாமல் சான்றுபெற்ற விதைக்கிழங்கையே நடுங்கள், கருகிய செடியைக் குப்பையிற் போடாது ஆழப் புதையுங்கள். மூன்றாவது: பழகிய கிழங்கு ஒன்றையே கேட்டு, நிறமோ வடிவோ சற்று மாறிய புதிய இனத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்குவார் இல்லையேல் உழவர் பல இனங்களைப் பயிரிடமாட்டார். வயலின் காவல் நம் காய்கறிப் பையிலும் இருக்கிறது.

காய்கறிப் பெரியவர் இவ்வாண்டு ஐப்பசியில் மீண்டும் நட்டுள்ளார். வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்து, பாதி நிலத்திற் பழைய இனத்தையும் பாதி நிலத்தில் நோய் தாங்கும் புதிய இனத்தையும் நட்டுள்ளார். தொழுவுரத்தோடு பச்சைப் பூசணத்தையும் இட்டுள்ளார். தை வரும், மூடுபனியும் வரும். அவர் மகளின் திருமணம் மாசியில் என்று நமக்கும் அழைப்பு வந்துள்ளது. அதுவரை அவர் வண்டியில் எக்கிழங்கு இருப்பினும் முகஞ்சுளியாமல் வாங்குவோமாக.